மருந்துத் துண்டில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

"டொக்டரின் எழுத்து கடவுளுக்கும் பாமசிக்காரருக்கும் மட்டும்தான் விளங்கும்" என்பது மலையகத்து பஸ் வரிசைகளில் பழகிப்போன பகிடி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கும் மருந்தில் வீரியம் இல்லையாம். விலை கூடிய மருந்துதான் உடம்புக்குக் கேட்குமாம். எங்கள் வீட்டிலேயே இந்த மூன்றையும் வேதவாக்காக வைத்திருந்தவர்கள் உண்டு.

முதலாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எழுத்தின் கோணலைவிட வேறொன்றுதான் அதிகச் சேதம் செய்கிறது என்பது என் எண்ணம். டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டு யாருக்காக எழுதப்படுகிறது, அதில் என்னென்ன இருக்க வேண்டும், அதற்கான காசு எந்த வழியாக வருகிறது என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவருக்குத் தெரியாது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கடைத் துண்டு

லயத்திலிருந்து டவுன் கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது அம்மா ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: சீனி 1, பருப்பு ½, தேங்காய் 2, அங்கர் 1. கொண்டுபோகிற பிள்ளைக்காக அது எழுதப்படவில்லை, கடைக்காரருக்காக எழுதப்பட்டது. சீனிக்குப் பக்கத்தில் இருக்கும் 1 ஒரு கிலோ, தேங்காய்க்குப் பக்கத்தில் இருக்கும் 2 இரண்டு காய், பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு என்று அவருக்குத் தெரியும். எழுதாமல் விட்டதைப் பழக்கத்தால் நிரப்பிக்கொள்வார். கடையில் அன்றைக்குப் புதிய பையன் நின்றால் பழக்கம் உதவாது. வேறு பருப்பு வீட்டுக்கு வந்து சேரும்.

டொக்டர் எழுதுவதும் இப்படி ஒரு கடிதம்தான். அதைப் பெற வேண்டியவர் மருந்தாளர். மருந்தாளர் என்றால் மருந்தியல் படித்து, பதிவு பெற்று, துண்டைச் சரிபார்த்து மருந்து கொடுக்கும் தகுதி உள்ளவர். பாமசிக் கவுண்டரில் நிற்கும் எல்லோரும் மருந்தாளர் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி இந்தக் கடிதத்தைச் சுமக்கும் தபால்காரர். ஆனால் கடிதத்தின் பலனை அனுபவிக்கப்போவதும் இதே தபால்காரர்தான். அதனால் பிரித்துப் படிக்க அவருக்கு முழு உரிமை உண்டு.

துண்டின் உடம்பு

மேலே நோயாளியின் பெயர், வயது, திகதி. வயதைப் பலரும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் துண்டில் பெரியவருக்கான அளவு இருந்தால் மருந்தாளரைத் திடுக்கிட வைப்பது அந்த ஓர் எண்தான். கீழே டொக்டரின் கையெழுத்தும், இலங்கை மருத்துவப் பேரவையில் அவர் பதிந்த இலக்கமும் இருக்க வேண்டும்.

நடுவில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் ஒரு வெட்டுப் போட்டதுபோல் ஒரு குறி வரும். அது 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கம். அதன் பிறகு மருந்துக்கு ஒரு வரி. அந்த வரியில் மருந்தின் பெயர் இருக்கும். அது குளிசையா, தண்ணி மருந்தா, களிம்பா என்பது இருக்கும். அடுத்து வலு, அதாவது ஒரு குளிசைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்ற எடை. பிறகு ஒரு வேளைக்கு எத்தனை, ஒரு நாளில் எத்தனை வேளை, மொத்தம் எத்தனை நாள்.

இந்தக் கடைசி மூன்றும்தான் மந்திரம்போல் தெரியும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே சாக்குகளில் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று போட்டிருக்கும். அதில் உள்ள 'ஓ' ஒரேஞ்ச் என்பதற்கு. தேயிலைக்குள் தோடம்பழம் எதுவும் கிடையாது; இருந்தும் தொழிற்சாலையில் வேலை செய்பவர் ஒரு பார்வையில் எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். டொக்டர்களின் சுருக்கமும் அப்படித்தான். 'பி.டி.' என்றால் நாளொன்றுக்கு இரண்டு வேளை. 'டி.டி.எஸ்.' மூன்று வேளை. 'மானே' காலையில், 'நொக்டே' இரவில். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் தேவைப்பட்டால் மட்டும். எல்லாம் இலத்தீன். அந்த மொழியைப் பேசுகிற ஊர் இல்லை, மருந்துத் துண்டில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

நாட்களை எழுதும் முறை இன்னும் வேடிக்கையானது. 5/7 என்றால் ஐந்து நாள், ஏனென்றால் வாரத்துக்கு ஏழு நாள். 2/52 என்றால் இரண்டு வாரம், ஏனென்றால் வருடத்துக்கு 52 வாரம். 3/12 என்றால் மூன்று மாதம். விளங்கிய பிறகு அழகாகத்தான் இருக்கிறது. விளங்காதவருக்கு அது ஒரு திகதி. எங்கள் பெரியப்பாவின் கிளினிக் கொப்பியில் ஒரு செப்டெம்பர் மாதம் 1/12 என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாதத்தில் திரும்பி வரச் சொன்னது அது. அவர் அதை டிசம்பர் முதலாம் திகதி என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கு விடியற்காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். இடையில் இரண்டு மாதம் பிரஷர் குளிசை இல்லாமல் இருந்திருக்கிறார். அந்தக் கொப்பியில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. கோணல் எழுத்தின் மீது பழி போட அங்கே இடமே இல்லை.

சுருக்கமாக: துண்டு என்பது டொக்டர் மருந்தாளருக்கு எழுதும் கடிதம். பெயர், வடிவம், வலு, ஒரு வேளைக்கு எத்தனை, எத்தனை வேளை, எத்தனை நாள் ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். சாய்கோட்டுக்குப் பின்னால் 7, 52, 12 என்று வந்தால் அது நாள்கணக்கைச் சொல்வது.

ஒரே ஆள், இரண்டு பெயர்

வீட்டில் எந்தப் பால்மா வாங்கினாலும் அதை அங்கர் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. காய்ச்சல் குளிசையைப் பனடோல் என்போம். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து பரசிட்டமோல். கம்பனி வைத்தது வணிகப் பெயர், மருந்துக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் பொதுப் பெயர். ஒரே பரசிட்டமோல் இருபது வணிகப் பெயர்களில் இருபது நிறப் பெட்டிகளில் விற்கப்படலாம்.

இலங்கையில் இந்தப் பெயர் விவகாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, நாடு மருந்துகளைப் பொதுப் பெயரில் ஒரே இடத்தினூடாக வாங்கினால் செலவு குறையும் என்று வாதாடினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைகளைத்தான் நாம் ஒசுசல என்று அறிவோம். பிபிலே 1977இல் கயானாவில் இறந்துபோனார். அவர் கேட்டது சட்டமாக நெடுங்காலம் எடுத்தது. 2015ஆம் ஆண்டின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், டொக்டர் மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும் என்கிறது; விரும்பினால் வணிகப் பெயரையும் சேர்க்கலாம். அடுத்த வருடம், 2016இல், 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் நிர்ணயிக்கப்பட்டது.

அப்படியானால் 'சும்மா கொடுக்கும் மருந்தில் வீரியம் இல்லை' என்ற பேச்சு? ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் பொதுப் பெயர் மருந்து கிடைக்கும். பெட்டி பளபளப்பாக இருக்காது, பல நேரம் பெட்டியே இருக்காது. ஆனால் பிரஷர் மருந்தான லொசார்டன் 50 மில்லிகிராம் எந்த உறைக்குள் இருந்தாலும் 50 மில்லிகிராம் லொசார்டன்தான். தரக்குறைவான மருந்து நாட்டுக்குள் வந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023இல் இம்யூனோகுளோபியூலின் என்ற ஊசி மருந்து விவகாரம் நாடு முழுக்க நாறியது. அது கொள்வனவிலும் கண்காணிப்பிலும் நடந்த தவறு. விலையைப் பார்த்தோ பெட்டியின் நிறத்தைப் பார்த்தோ ஒரு மருந்தின் தரத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டு பெயர் இருப்பதில் உள்ள நிஜமான ஆபத்து வேறு. எங்கள் அம்மாவுக்கு கிளினிக்கில் பிரஷருக்கு லொசார்டன் கொடுத்து வந்தார்கள். ஒரு தடவை தலைப்பாரம் தாங்காமல் டவுனில் வேறொரு டொக்டரிடம் காட்டினார். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. அவர் எழுதியதற்குப் பாமசியில் அழகான அட்டை ஒன்று கொடுத்தார்கள். அம்மா பழைய குளிசையையும் புதிய குளிசையையும் பத்து நாள் சேர்த்து விழுங்கினார். பதினோராம் நாள் பீலிக்கரையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த பொதுப் பெயரை என் தங்கை வாசித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஒன்றே. யாரும் எதையும் தவறாக எழுதவில்லை, தவறாக வாசிக்கவும் இல்லை. ஒரே ஆள் இரண்டு பெயரில் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

இதுவரை சொன்னதில் மனதில் நிறுத்த வேண்டியது: பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கம்பனியின் பெயர், பக்கத்திலோ கீழேயோ சிறிய எழுத்தில் இருப்பது மருந்தின் பெயர். வீட்டில் உள்ள இரண்டு அட்டைகளில் சிறிய எழுத்து ஒன்றாக இருந்தால், விழுங்குமுன் கேளுங்கள்.

காசு எந்த வழியாக வருகிறது

மலையகத்தில் மருந்து நம் கைக்கு வர நான்கு பாதை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் துண்டின் கதி வேறு.

தோட்டத்து டிஸ்பென்சரி பழைய பாதை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்காக 1912இல் ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. கருணையைவிட, கொழுந்தெடுக்க ஆள் குறையக் கூடாது என்ற கணக்கே அதில் கூடுதல் என்பது என் கருத்து. அங்கே தோட்ட வைத்திய உதவியாளர் கையாலேயே மருந்து கிடைக்கும். பொதுவாக நாம் காசு கட்டுவதில்லை, துண்டும் கைக்கு வருவதில்லை.

அடுத்தது அரசாங்க வைத்தியசாலை. டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று எங்கே போனாலும் பார்ப்பதற்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. இலவசம் என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நாம் வாங்கும் சவர்க்காரத்திலும் தொலைபேசி ரீலோட்டிலும் கட்டும் வரிப் பணத்தில் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு மருந்தை வாங்கி அனுப்புகிறது. முன்கூட்டியே கட்டிய காசு என்பதுதான் சரி. அங்கே மருந்து முடிந்துபோனால் டொக்டர் வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தருவார். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது இப்படிப்பட்ட துண்டுகள் குவிந்தன. அன்றுதான் பலர் முதல் தடவையாகத் தாம் விழுங்கும் மருந்தின் பெயரையும் விலையையும் தெரிந்துகொண்டார்கள்.

மூன்றாவது, டவுனில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர். பார்க்கும் கட்டணத்துக்குள்ளேயே மருந்தும் அடங்கும். சிறிய கடதாசி உறைகளில் மூன்று நான்கு நிறக் குளிசைகள் வரும், பல உறைகளில் மருந்தின் பெயரே இருக்காது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வாமை வந்து இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் "மஞ்சள் குளிசை ஒன்று, வெள்ளைக் குளிசை இரண்டு" என்று சொல்வதைத் தவிர வழியில்லை. உறையில் பெயரை எழுதித் தரும்படி கேட்டால் பெரும்பாலான டொக்டர்கள் எழுதித் தருவார்கள். கேட்க நாம்தான் கூச்சப்படுகிறோம்.

நான்காவது பாமசி. இங்கேதான் துண்டும் காசும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஏழு நாளைக்கு அன்டிபயோட்டிக் எழுதியிருப்பார்கள். அன்டிபயோட்டிக் என்றால் நோய்க் கிருமியான பக்டீரியாவைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து. சம்பளம் பத்தாம் திகதி. இன்றைக்கு நான்காம் திகதி. "தம்பி, மூன்று நாளைக்கு மட்டும் வெட்டித் தாங்க" என்போம். கத்தரிக்கோல் அட்டையின் குறுக்கே போகும். மருந்தின் பெயர் ஒரு துண்டோடும், காலாவதித் திகதி மற்றத் துண்டோடும் போய்விடும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை வாங்க யாரும் போவதில்லை. தப்பிய கிருமிகள் அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாமல் போகக்கூடும். துண்டில் எழுதியது ஒன்று, வாங்கியது ஒன்று. டொக்டரின் கொப்பியில் மட்டும் ஏழு நாள் மருந்து முடிந்துவிட்டது.

காசு போதாவிட்டால் அதை டொக்டரின் மேசையிலேயே சொல்வது நல்லது. வணிகப் பெயரில் எழுதியதைப் பொதுப் பெயரில் மாற்றவோ, எது அவசரம் எது பிறகு வாங்கலாம் என்று சொல்லவோ அவரால் முடியும். கவுண்டரில் சொன்னால் கத்தரிக்கோல்தான் தீர்மானிக்கும்.

எங்கே தவறி வாசிக்கப்படுகிறது

கோணல் எழுத்துக்கு உலகப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. நெஞ்சில் தொற்று இருந்த ஒருவருக்கு டொக்டர் அமொக்சில் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதினார். மருந்தாளர் அதை டயோனில் என்று வாசித்தார். டயோனில் நீரிழிவுக்காரர்களின் இரத்தச் சீனியைக் குறைக்கும் குளிசை. நீரிழிவு இல்லாத அந்த மனிதருக்குச் சீனி அளவு விழுந்து, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்த தீர்ப்பில் பொறுப்பின் 25 சதவீதம் டொக்டர்மீதும் 75 சதவீதம் மருந்தாளர்மீதும் விழுந்தது.

கிறுக்கி எழுதியவருக்கு ஏன் குறைவு? எழுத்து கோணலாக இருந்தாலும் துண்டின் மற்ற அங்கங்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. வலு 250 மில்லிகிராம் என்று இருந்தது. டயோனில் அப்படி ஒரு வலுவில் வருவதே இல்லை. நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் 21 என்று இருந்தது. அது ஒரு வாரத்து அன்டிபயோட்டிக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது கடைசிச் சாட்சியம். அந்த நோயாளி மருந்துக்குக் காசு கட்டினார். அந்த நாட்டில் நீரிழிவுக்காரர்கள் மருந்துக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை. யார் காசு கட்டுகிறார் என்பதே 'இது அந்த மருந்து இல்லை' என்று கத்தியது, கவுண்டரில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்படி உருவத்தால் உறவான மருந்துகள் நிறைய. கார்பிமசோல் தைரொயிட் சுரப்பி அதிகமாக வேலை செய்பவர்களுக்கு, கார்பமசெபைன் வலிப்புக்கு. தமிழில் எழுதினாலும் கண் தடுமாறுகிறது பாருங்கள். எண்களும் ஏமாற்றும். 0.5 என்று எழுதாமல் வெறும் புள்ளியோடு .5 என்று எழுதினால், புள்ளி மங்கியவுடன் அளவு பத்து மடங்காகிவிடும். 1/2 என்று அரைக் குளிசைக்கு எழுதியதை 'ஒன்று அல்லது இரண்டு' என்று வாசித்தவர்கள் உண்டு. தண்ணி மருந்துக்குத் தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீட்டர், மேசைக்கரண்டி என்றால் 15. வீட்டுக் கரண்டிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. போத்தலோடு வரும் அளவுக் கிண்ணத்தை எறியாதீர்கள்.

மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேட் என்ற குளிசை கொடுப்பார்கள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டியது. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. குளிசை என்றால் தினமும் என்று பழகிய நமக்கு இது முழுக்க முழுக்க நம்ப முடியாத சங்கதி. ஆகவே திங்களா செவ்வாயா என்று உறையில் நாளின் பெயரோடு எழுதி வாங்க வேண்டும்.

இனி நம் மொழிப் பிரச்சினை. சட்டப்படி 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் பல இடங்களில் உறையின்மேல் சிங்களத்தில் மட்டும் எழுதித் தருகிறார்கள். பேசும்போது உதே என்றால் காலை, தவல் என்றால் பகல், ரே என்றால் இரவு என்று எங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். எழுத்தாக வந்தால் மூன்றும் வட்டங்கள். தமிழில் சொன்னாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. "நாளைக்கு மூன்று" என்று ஒருவர் சொன்னால், ஒரு நாளைக்கு மூன்றா, விடிந்த பிறகு மூன்றா? வாக்கியத்தைக் கேட்டவுடன் சிரிப்பு வரும். காய்ச்சலோடு வரிசையில் நிற்பவருக்கு வராது.

மலையில் நிற்கும் பகல் வேளையும் இருக்கிறது. மூன்று வேளை மருந்தில் நடு வேளை வரும்போது கொழுந்தெடுக்கும் பெண் கூடையோடு மேட்டில் இருப்பார். குளிசை லயத்தில் இருக்கும். மாலையில் வந்து இரண்டையும் சேர்த்து விழுங்குவார். துண்டை எழுதியவருக்கு அந்த மேடு தெரியாது. சொன்னால், முடிந்த நோய்களுக்கு இரண்டு வேளை மருந்தாக மாற்றித் தருவார்.

கவுண்டரில் ஒரு நிமிடம்

மருந்தை வாங்கியவுடன் பையில் போடாமல், துண்டையும் அட்டைகளையும் கவுண்டரிலேயே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துண்டில் மூன்று வரி இருந்தால் மூன்று மருந்து இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் தொட்டு "இது எதற்கு?" என்று கேளுங்கள். உங்களுக்கு இல்லாத ஒரு வருத்தத்தின் பெயர் பதிலாக வந்தால், அங்கேயே நில்லுங்கள். அந்த இங்கிலாந்து நோயாளியிடம் "உங்களுக்குச் சீனி வருத்தம் எத்தனை காலமாக?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும்.

உறையில் தமிழில் எழுதத் தெரியாவிட்டால் சூரியனையும் நிலாவையும் வரைந்து தரச் சொல்லலாம். எங்கள் அம்மா இதை ஒரு பாமசியில் கேட்டபோது, சிங்களம் மட்டும் தெரிந்த அந்தப் பையன் காலைக்குச் சூரியனையும் இரவுக்கு நிலாவையும் போட்டுவிட்டு, பகலுக்கு என்ன வரைவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். கடைசியில் ஒரு சோற்றுக் கோப்பை வரைந்தான். அந்த உறை கிழிந்த பிறகும் அம்மா புதிய மருந்தை அதற்குள்தான் போட்டு வைத்திருந்தார். உள்ளே இருந்தது இரவுக் குளிசை மட்டும் என்பதால், அதைத் தங்கை எடுத்து எறிய வேண்டியதாயிற்று.